சுவர் மூடுவதற்கு முன்

கடையில் எந்த ஷவரும் அழகாகத்தான் கொட்டும். பழைய டில்லியின் சாவ்ரி பஜாரிலோ, பக்கத்துத் திலக் நகரிலோ, விற்பவர் ஒரு கைப்பிடியைத் திருப்புவார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பளபளக்கும் தலையிலிருந்து மழைபோல நீர் இறங்கும். வாங்க வந்தவர்கள் கையை நீட்டி நனைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொள்வார்கள். காட்சிப் பலகைக்குப் பின்னால் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது யார் காதிலும் விழுவதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஜனக்புரியில் ஒரு மேல்மாடி வீட்டில் மாட்டினால், அதே ஷவர் மழை விட்ட பின் ஓட்டு விளிம்பு சொட்டுவதுபோல் சொட்டும். “டூப்ளிகேட் கொடுத்துவிட்டான்” என்று கடைக்காரருக்கு வசவு விழும். அதற்குள் டைல்ஸ் ஒட்டி முடிந்திருக்கும்.

பெரும்பாலும் ஷவர் மேல் குற்றம் இருப்பதில்லை. மொட்டைமாடியில் தொட்டி எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, அங்கிருந்து நீர் எத்தனை வளைவுகளைத் தாண்டி வருகிறது, வழியில் குழாய் எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று யாரும் முன்கூட்டிப் பார்க்காததுதான் குற்றம். குளியலறை வேலையில் முக்கியமான முடிவுகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத பாகத்தில் எடுக்கப்படுகின்றன. சுவரை மூடிவிட்டால் அந்த முடிவுகளை மாற்றச் சம்மட்டி வேண்டும்.

டில்லியின் மேற்குப் பக்கத்தில் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. டி.டி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் டில்லி வளர்ச்சி ஆணையம் 1957ல் அமைந்தது. ஜனக்புரி அது 1970களில் உருவாக்கிய குடியிருப்பு. கரோல்பாகின் ஒண்டுக்குடித்தனங்களிலும் அரசுக் குடியிருப்புகளிலும் இருந்த தமிழர்கள் பலர் சேமிப்பையும் கடனையும் சேர்த்து இங்கே சொந்த வீட்டுக்கு வந்தார்கள். 1923ல் தொடங்கிய டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. மகனையும் மகளையும் அங்கே படிக்கவைத்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். வீட்டுக்கு ஏறக்குறைய 50 வயதாகிறது. சுவருக்குள் இருக்கும் ஜி.ஐ. குழாய்களுக்கும் அதே வயது. குடியிருப்பவர்களின் முழங்காலுக்கும் மணிக்கட்டுக்கும் அதைவிட அதிகம்.

இங்கே ஒரு குடும்பத்தைப் பார்க்கலாம். ஜனக்புரியில் இப்படிப்பட்ட குடும்பம் ஒவ்வொரு பிளாக்கிலும் உண்டு. தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி என்று மூன்று அடுக்கு. இவர்கள் இரண்டாம் மாடி. மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் மனைவி, மகன், மருமகள், பெரியவரின் 84 வயது அம்மா. பாட்டி கும்பகோணத்துக்காரர். காவிரிப் படித்துறையில் ஆரம்பித்துக் கிணற்றடி, அடிபம்ப், குழாயடி, வாளி என்று எல்லாம் பார்த்தவர். ஷவர் என்ற ஒன்று அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. சென்ற குளிர்காலத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பலம் கூடவில்லை. நிரம்பிய சொம்பைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. மருமகள்தான் தலையில் நீர் ஊற்றுகிறார். அவர் முகம் சுளிப்பதில்லை. ஆனால் பாட்டிக்கு அது பெரிய குறை. அறுபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவர் இன்னொருவர் முன்னால் குளிக்க உட்காருவது என்றால் சும்மாவா? “எனக்கு மழையும் வேண்டாம், அருவியும் வேண்டாம்டா. கதவைச் சாத்திண்டு நான் பாட்டுக்குக் குளிச்சுட்டு வர ஒரு வழி பண்ணிக் குடு” என்று மகனிடம் சொன்னார்.

வீட்டில் ஷவர் பேச்சு ஆரம்பித்தது இப்படித்தான். ஆரம்பித்ததும் ஆளுக்கு ஒரு ஷவர் முளைத்தது. பேரன் நட்சத்திர ஓட்டலில் பார்த்த மழை ஷவரைக் கேட்டான். பெரியவர் செலவைக் கேட்டார். அவர் மனைவிக்குக் கீழ்வீட்டுக் கூரையைப் பற்றிக் கவலை. மருமகளுக்கு வாளி நிறையும் குழாய் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்; துணி நனைப்பது யார்?

பிளம்பர் வந்தார். டில்லியில் பிளம்பர் என்றால் ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்துக்காரராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த மாவட்டத்தின் பட்டாமுண்டை வட்டாரத்திலிருந்து முன் தலைமுறையினர் கல்கத்தாவுக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்றார்கள். பிறகு சித்தப்பா மருமகனையும், அண்ணன் தம்பியையும் அழைத்துக்கொண்டு நாட்டின் எல்லாப் பெருநகரங்களுக்கும் பரவினார்கள். பட்டாமுண்டையில் இன்று குழாய்த் தொழிலுக்கென்றே ஒரு அரசுப் பயிற்சி நிலையம் இருக்கிறது. வந்தவர் குளியலறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “டங்கி எங்கே?” என்று கேட்டுவிட்டு மாடிப்படி ஏறினார். நல்ல பிளம்பருக்கு அதுதான் அடையாளம்.

மேலே போய் அவர் செய்த கணக்கு பள்ளிக்கூடக் கணக்குத்தான். தொட்டியில் உள்ள நீர்மட்டம் ஷவரைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுதான் அழுத்தம். 10 மீட்டர் உயரம் இருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. கடைக்காரர்கள் ஒரு ‘பார்’ என்பார்கள். தொட்டி 500 லிட்டரா 2,000 லிட்டரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த வீட்டில் தரையிலிருந்து மொட்டைமாடித் தளம் 3 மீட்டர். ஷவர் தலை 2.1 மீட்டரில் இருந்தால் மிச்சம் 90 செ.மீ. தொட்டி நிற்கும் செங்கல் மேடை 60 செ.மீ. தொட்டிக்குள் நீர் நிரம்பியிருந்தால் இன்னும் ஒரு மீட்டர். ஆக, தொட்டி காலியாகும் நேரத்தில் ஒன்றரை மீட்டர், நிரம்பியிருக்கும் நேரத்தில் இரண்டரை மீட்டர். கால் ‘பார்’ அளவுதான். பேரன் கேட்ட அகலமான மழை ஷவர் ஒழுங்காக விழ இதைப்போல நாலு மடங்காவது வேண்டும். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் இருப்பவருக்கு இன்னும் 6 மீட்டர் சேர்ந்து ஏழரை, எட்டரை மீட்டர் கிடைத்துவிடுகிறது. ஒரே கட்டடம், ஒரே மாதிரித் தொட்டி. கீழே கொட்டுகிறது, மேலே சொட்டுகிறது. மேல்மாடிக்காரருக்கு வெயிலோடு சேர்ந்து இதுவும் தலையெழுத்து.

உயரமே போதும் என்பதற்கும், உயரம் மட்டும் போதாது என்பதற்கும் குற்றாலம் உதாரணம். பேரருவி மலை உச்சியிலிருந்து நேராக மனிதத் தலையில் விழுந்தால் யாரும் நிற்க முடியாது. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து, அப்புறம்தான் கீழே வருகிறது. அழுத்தம் மிகுந்தால் தணிக்க வேண்டும், குறைந்தால் கூட்ட வேண்டும். குற்றாலத்தில் முதல் வேலையை இயற்கை செய்துவிட்டது. ஜனக்புரியில் இரண்டாவது வேலையை மனிதர்தான் செய்தாக வேண்டும்.

கூட்ட மூன்று வழிகள் உண்டு. தொட்டியை உயர்த்தலாம், குழாயைப் பெரிதாக்கலாம், பம்பு வைக்கலாம். இந்த வரிசையில் யோசிப்பதுதான் சிக்கனம். எல்லோரும் தலைகீழாக, பம்பிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

தொட்டியை உயர்த்த இரும்புச் சட்டம் போதும் என்று சொல்வது எளிது. 1,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அந்த டன் தளத்தின் நடுவில் நிற்காமல், கீழே சுவரோ பீமோ இருக்கும் இடத்துக்கு மேலே நிற்க வேண்டும். மே, ஜூன் மாதங்களில் டில்லியில் வீசும் ‘ஆந்தி’ என்ற புழுதிக் காற்று காலித் தொட்டியை உருட்டிவிடும். சட்டத்தைத் தளத்தோடு பிணைக்க வேண்டும். மொட்டைமாடி எல்லோருக்கும் பொது என்றால் மற்ற இரண்டு வீட்டாரிடமும் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது. இந்த வீட்டில் 1.2 மீட்டர் உயர்த்தத் தீர்மானித்தார்கள்.

அடுத்தது குழாய். பழைய ஜி.ஐ. குழாயை அறுத்துப் பார்த்தால் புரியும்: வெளியே அரை அங்குலம், உள்ளே துரு மூடிச் சுண்டுவிரல்கூட நுழையாத ஓட்டை. இப்போது பெரும்பாலும் சி.பி.வி.சி. குழாய்தான். அது துருப்பிடிக்காது, 93 டிகிரி வரை வெந்நீர் தாங்கும். ஆனால் அதிலும் அளவு முக்கியம். தொட்டியிலிருந்து இறங்கும்போது ஓர் அங்குலம், குளியலறைக்குள் நுழையும்போது முக்கால் அங்குலம், ஷவருக்கு ஏறும் கடைசித் துண்டு மட்டும் அரை அங்குலம் என்று படிப்படியாகக் குறைக்க வேண்டும். அரை அங்குலக் குழாயில் ஒவ்வொரு ‘எல்போ’ வளைவும் ஏறக்குறைய அரை மீட்டர் கூடுதல் குழாய்க்குச் சமம். அழுத்தம் தாராளமாக இருக்கும் வீட்டில் இது உறைக்காது. இரண்டு மீட்டரை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தும் வீட்டில் ஆறு வளைவுகள் ஆடம்பரம். பின்பக்கச் சந்தில் சுவரோடு நேராக இறக்கினால் நாலு வளைவு மிச்சமாகும் என்று பிளம்பர் காட்டினார்.

மூன்றாவதான பம்பு கடைசியில்தான் வர வேண்டும். வந்தாலும் தொட்டிக்குப் பிறகுதான் வர வேண்டும். தெருக்குழாயில் நேராக மாட்டி உறிஞ்சும் ‘டுல்லு’ பம்பு டில்லியில் தடை செய்யப்பட்டது. பக்கத்து வீட்டார் தண்ணீரைப் பறிப்பது மட்டும் அதன் பாவமில்லை. உறிஞ்சும் வேகத்தில் மண்ணுக்குள் இருக்கும் விரிசல்கள் வழியே சாக்கடையும் குழாய்க்குள் வந்துவிடும். தொட்டிக்குப் பிறகு வைக்கும் பம்புக்கும் ஒரு விதி உண்டு: வெந்நீர், தண்ணீர் இரண்டு குழாய்களும் பம்பைத் தாண்டிய பிறகுதான் பிரிய வேண்டும். தண்ணீருக்கு மட்டும் பம்பு வைத்து, கீசருக்கு வைக்காமல் விட்டால், பலமான தண்ணீர் மிக்ஸருக்குள்ளேயே வெந்நீரைப் பின்னுக்குத் தள்ளிவிடும். கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் குளிரும். கீசர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அதன் தகட்டில் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இந்த வீட்டில் பம்பு வாங்கவில்லை. பிற்காலத்தில் வேண்டுமானால் வைக்க இரண்டு வால்வுகளுடன் ஓர் இடைவெளி மட்டும் விட்டுவைத்தார்கள். பேரனின் மழை ஷவருக்கு அதுதான் வாக்குறுதி.

இதற்கிடையில் பாட்டியின் தேவையே கணக்கை எளிதாக்கிவிட்டது. அவர் நின்று குளிக்கப் போவதில்லை. முக்காலியில் உட்காரப் போகிறார். அவருக்கு வேண்டியது வளையும் குழாயோடு கூடிய கைஷவர். அதன் கொக்கி தரையிலிருந்து 1.2 மீட்டரில் இருந்தால் போதும். ஷவர் 2.1 மீட்டரிலிருந்து 1.2 மீட்டருக்கு இறங்கினால் 90 செ.மீ. அழுத்தம் சும்மா கிடைக்கிறது. தொட்டி உயர்ந்ததையும் சேர்த்தால் அவருக்கு மூன்றரை மீட்டருக்குக் குறையாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்படும் சிறிய கைஷவருக்கு அது தாராளம். வாங்குவதற்கு முன் சரிபார்க்க வாளியும் கைக்கடிகாரமும் போதும். ஷவர் வரப்போகும் உயரத்தில் குழாயைத் திறந்துவிட்டு ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்தால், பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணைவிட நம்பகமான எண் கிடைக்கும்.

அடுத்து வெந்நீர். ஜனவரியில் டில்லித் தொட்டி நீர் 12 டிகிரிக்குச் சில்லிட்டிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். 25 லிட்டர் கீசரை 60 டிகிரிக்குச் சூடாக்க 2 கிலோவாட் கம்பிச் சுருளுக்கு 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். குளிக்க 40 டிகிரி போதும். அந்த 25 லிட்டரோடு தண்ணீர் கலந்தால் 43 லிட்டர் வெதுவெதுப்பான நீர் கிடைக்கும். வாளியில் குளிப்பவருக்கு இது இரண்டு வாளிக்கு மேல்; போதும் போதும் என்றாகிவிடும். நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டும் மழை ஷவரின் கீழ் நிற்பவருக்கு மூன்று நிமிடம்கூட வராது. தலையில் ஷாம்பு நுரையோடு நிற்கும்போது வெந்நீர் தீர்ந்துவிடும். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கைஷவரானால் எட்டு நிமிடம். ஆக, ஷவரைத் தேர்ந்தெடுக்கும்போதே கீசரையும் மின்சாரக் கட்டணத்தையும் தேர்ந்தெடுத்தாகிவிட்டது.

60 டிகிரி நீர் தோலில் பட்டால் சில விநாடிகளில் வெந்துவிடும். வயதானவர் தோல் மெல்லியது. கை எடுக்கும் வேகமும் குறைவு. எனவே கீசரின் அளவுகோலை 50 டிகிரியில் நிறுத்தச் சொன்னார் பிளம்பர். அப்போது 43 லிட்டர் 34 ஆகக் குறையும். பாட்டிக்கு அது ஆறேழு நிமிடக் குளியல். அதோடு இன்னொரு ஆபத்தையும் அவர் சொன்னார். ஷவருக்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர்க் குழாய் என்றால், யாராவது ஃப்ளஷ் செய்யும் கணத்தில் ஷவருக்கு வரும் தண்ணீர் குறைந்து வெந்நீர் ஓங்கும். இளைஞன் துள்ளி விலகுவான். முக்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டி என்ன செய்வார்? ஃப்ளஷ் தொட்டிக்குத் தனிக் குழாய் போட்டார்கள். சுவர் திறந்திருக்கும்போது இதற்கு ஆகும் செலவு சொற்பம்.

கீசர் ஷவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் சின்ன விஷயமில்லை. அரை அங்குலக் குழாய் 10 மீட்டர் ஓடினால் அதற்குள் ஏறக்குறைய ஒன்றே முக்கால் லிட்டர் நீர் நிற்கும். ஒவ்வொரு முறையும் அந்தச் சில்லிட்ட நீர் வெளியேறிய பிறகுதான் வெந்நீர் வரும். சமையலறை லாஃப்டில் இருந்த கீசரைக் குளியலறைச் சுவருக்கே கொண்டுவந்ததில் தூரம் 2 மீட்டராகிவிட்டது. அதற்குத் தனி 16 ஆம்பியர் இணைப்பு, சரியான எர்த், கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்சு. ஈரக் கையும் மின்சாரமும் சந்திக்கும் அறையில் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஜூன் மாதத்தில் மொட்டைமாடித் தொட்டி நீர் கொதிக்கும்போது டில்லிக்காரர்கள் இதே கீசரை அணைத்துவிட்டு, முதல்நாள் இரவு உள்ளே நின்ற ஆறிய நீரை வெந்நீர்க் குழாயில் பிடித்துக் குளிப்பார்கள். குளிர்காலத்தில் சுடுவதும் கோடையில் குளிர்வதும் ஒரே பெட்டி.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் இங்கே வந்தாக வேண்டும். மேற்கு டில்லிக்கு மேற்கு யமுனைக் கால்வாய் நீர் ஹைதர்பூரில் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. அது காலையிலும் மாலையிலும் சில மணி நேரம்தான். கீழ்த்தொட்டியில் பிடித்து மோட்டார் போட்டு ஏற்ற வேண்டும். 2015 மார்ச்சிலிருந்து டில்லி அரசு வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டரை இலவசமாக்கிய பிறகு மீட்டரைப் பார்க்கும் பழக்கம் பல வீடுகளில் வந்தது. இந்திய நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுபவர்களின் அளவு. அதில் குளிக்க 55 லிட்டர். ஐந்து பேர் வீட்டில் 135 லிட்டர் கணக்குப்படியே மாதம் 20,000 லிட்டரைத் தாண்டிவிடும். நிமிடத்துக்கு 15 லிட்டர் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் ஒருவரின் ஒருநாள் பங்கு முழுவதும் சாக்கடைக்குப் போய்விடும்.

நீர் தாராளமாக உள்ள நாடுகளே இதற்குக் கணக்கு வைக்கின்றன. அமெரிக்கா 1992ல் சட்டம் செய்து ஷவர் தலைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்பதரை லிட்டர் என்று உச்சவரம்பு வைத்தது. 2018ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் வறண்டபோது ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாத் தேவைக்கும் சேர்த்து 50 லிட்டர்தான். அடுத்த ஆண்டு கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஷவர் என்றால் வீண், வாளி என்றால் சிக்கனம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். கையிலேயே மூடித் திறக்கும் பொத்தான் உள்ள கைஷவர், சோப்புப் போடும்போது நின்றுவிடும். அதில் 30 லிட்டரில் ஒருவர் நன்றாகக் குளிக்கலாம். இரண்டு வாளிக்கும் குறைவு.

இனிச் சுவர். பழைய டி.டி.ஏ. வீடுகளின் குளியலறைத் தடுப்புச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலம்தான். அதற்குள் பெரிய ‘டைவர்ட்டரை’ப் புதைக்கக் கொத்தினால் மறுபக்கச் சமையலறையில் பூச்சு உதிரும். கான்கிரீட் பீம் குறுக்கே வந்தால் அதை வெட்டவே கூடாது. எனவே சுவருக்கு வெளியே தெரியும் சாதாரண மிக்ஸரே போதும் என்று முடிவாயிற்று. இடப்பக்கம் வெந்நீர், வலப்பக்கம் தண்ணீர், இரண்டுக்கும் நடுவே 15 செ.மீ. அது கெட்டால் ஸ்பானரால் கழற்றி மாற்றலாம். புதைத்தது கெட்டால் டைல்ஸை உடைக்க வேண்டும். வாளிக் குழாய் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில்; 20 லிட்டர் வாளியை வைக்கவும் எடுக்கவும் இடிக்காது. மிக்ஸர், உட்கார்ந்தவர் கைக்கு எட்டும் உயரத்தில். பக்கவாட்டில் ஒரு பிடிமானக் கம்பி. அதைத் தாங்கச் சுவரில் அந்த இடத்தை மட்டும் கான்கிரீட்டால் நிரப்பினார்கள். டைல்ஸில் மட்டும் திருகிய கம்பி, பிடித்தவரோடு சேர்ந்து விழும்.

கடைசியாகத் தரை. அடுக்குமாடியில் ஒருவர் தரை இன்னொருவர் கூரை. ‘சீலன்’ என்று டில்லியில் சொல்லும் ஈரக் கசிவினால் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் எத்தனையோ. பொங்கலும் லோஹ்ரி ரேவ்டியும் இருபது வருஷம் பரிமாறிக்கொண்டவர்கள், கூரையில் ஒரு மஞ்சள் வட்டம் தெரிந்ததும் வக்கீலைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். வாளிக் குளியலில் நீர் ஒரு மூலையில் விழும். ஷவரில் மூன்று சுவரிலும் அடிக்கும். ஆகவே நீர்த்தடுப்புப் பூச்சு தரையோடு நிற்காமல் சுவரிலும் ஏற வேண்டும். தரை, வடிகால் பக்கம் மீட்டருக்கு ஒன்றரை செ.மீ. சரிய வேண்டும். பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்து இரண்டு நாள் நீர் கட்டி நிறுத்தினார்கள். பெரியவரின் மனைவி கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் போய், “பெஹன்ஜி, ரெண்டு நாளைக்கு உங்க கூரையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கோ” என்று இந்தியும் தமிழும் கலந்து கேட்டார். அந்த அம்மாள் இரண்டு நாளும் காலையும் மாலையும் அண்ணாந்து பார்த்து, “ஒண்ணுமில்லை” என்று செய்தி அனுப்பினார். அந்தச் சாட்சிக்கு எந்த கம்பெனி உத்தரவாதமும் ஈடில்லை.

குழாய்க்கும் சோதனை நடந்தது. எல்லா முனைகளையும் அடைத்து, கையால் இயக்கும் பம்பினால் அழுத்தம் ஏற்றி, ஓர் இரவு முழுக்க விட்டார்கள். விடிந்து பார்த்தபோது முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஃப்ளஷ் குழாயின் ஓர் இணைப்பில் வியர்வைபோல ஒரு துளி. பசை சரியாகப் பிடிக்கவில்லை. அறுத்து மாற்றப் பத்து நிமிடம் ஆயிற்று. டைல்ஸ் ஒட்டியிருந்தால் அந்தத் துளி ஆறு மாதம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் வட்டமாகத் தலைகாட்டியிருக்கும். டைல்ஸ்காரர் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கூலி கூடிற்று. பெரியவர் முதல் முறையாகச் செலவைப் பற்றிப் பேசவில்லை.

வேலை முடிந்து பாட்டி இப்போது தனியாகக் குளிக்கிறார். தாழ்ப்பாள் மட்டும் போடுவதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறார். அது அவரும் மருமகளும் செய்துகொண்ட சமரசம். பேரனின் மழை ஷவர் இன்னும் வரவில்லை. பம்புக்கு விட்ட இடைவெளி காத்திருக்கிறது.

எந்த வீட்டுக்கும் உதவக்கூடிய ஒரு காரியத்தை இவர்கள் செய்தார்கள். சுவரை மூடுவதற்கு முந்தைய மாலையில், ஒவ்வொரு சுவரிலும் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு புகைப்படம் எடுத்தார்கள். எந்தக் குழாய் மூலையிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் போகிறது, எது வெந்நீர், எது ஃப்ளஷ், எந்த வால்வு எதை நிறுத்தும் என்று ஒரு தாளில் எழுதினார்கள். நாளை ஒரு கண்ணாடி மாட்ட ஆணி அடிப்பவர் குழாயைத் துளைக்காமல் இருக்க அது போதும். ஜனக்புரி வீடுகளில் பீரோவின் மேல்தட்டில் டி.டி.ஏ. ஒதுக்கீட்டுக் கடிதமும் கடைசித் தவணை ரசீதும் 50 வருஷமாகப் பத்திரமாக இருக்கின்றன. வீடு யாருடையது என்று அவை சொல்லும். அதில் நீர் எந்த வழியாக ஓடுகிறது என்று சொல்லும் தாளுக்கும் அங்கே இடம் கொடுக்க வேண்டும்.